மழலையின் செவியும் பெற்றோர் கடமையும்

பேறுகாலம் முடிந்து தாயும் சேயும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் அவர்கள் கையில் தரப்படும் தாள்கள் பல. தடுப்பூசி அட்டை, பிறப்புப் பதிவுக்கான படிவம், தாய்க்குரிய மாத்திரைச் சீட்டு, குழந்தையின் எடையைக் குறித்த தாள் என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். அண்மைக் காலமாகப் பல மருத்துவமனைகளில் இவற்றோடு உள்ளங்கை அகலமே உள்ள மற்றொரு சீட்டும் சேர்ந்திருக்கிறது. வலச் செவி, இடச் செவி என இரண்டு வரிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘பாஸ்’ அல்லது ‘ரெஃபர்’ என்னும் ஒரே சொல். மற்றத் தாள்கள் யாவும் பத்திரமாக உறையில் இடப்பட்டுப் பீரோவுக்குள் போய்விடுகின்றன. இச்சீட்டு மட்டும் துணிப்பைக்குள்ளேயே கிடந்து கசங்கிப் போகிறது. கடையில் கொடுக்கும் ரசீது போன்ற மெல்லிய தாளில் அச்சடிக்கப்பட்டிருந்தால், சில மாதங்களில் எழுத்தே மங்கிவிடுகிறது.

‘ரெஃபர்’ என்று எழுதியிருந்தால் குழந்தை செவிடு என்று பொருளாகாது. குழந்தைக்குக் குறையொன்றும் இல்லை என்றும் பொருளாகாது. மீண்டும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அச்சொல்லின் பொருள். அந்த ‘மீண்டும் ஒருமுறை’யைப் பற்றியே இக்கட்டுரையில் வாசக அன்பர்களுடன் சற்று விரிவாகப் பேச விழைகிறேன். குறையைக் கண்டறியும் கருவி நம் மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்து சேர்ந்து விட்டது. கண்டறிந்தபின் செய்ய வேண்டிய உதவியும் அரசின் திட்டங்கள் வழியாக ஏழை எளியோர்க்கு எட்டும் நிலையில் இருக்கிறது. முதற் சோதனைக்கும் அந்த உதவிக்கும் இடையிலுள்ள சில மாதங்களில்தான் நம் குழந்தைகள் தவறிப் போகின்றனர்.

உட்செவியின் எதிரொலி

செவிக்குள் ஓர் ஒலியை அனுப்பினால், உட்செவி தானே மிக மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. இதனை 1978ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் டேவிட் கெம்ப் என்னும் அறிவியலார் கண்டறிந்து வெளியிட்டார். நத்தையின் ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் உட்செவியில், மயிரிழை முளைத்த நுண்ணிய அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஒலி வந்து படும்போது அவை அசைகின்றன; அவ்வசைவே எதிரொலியாக வெளிவருகிறது. அவ்வணுக்கள் பழுதுற்றிருப்பின் எதிரொலி எழுவதில்லை. ஓ.ஏ.இ. எனப்படும் சோதனை இந்த உண்மையின்மேல் எழுந்ததே. உறங்கும் குழந்தையின் காதில் மெத்தென்ற சிறு முனை ஒன்றைப் பொருத்துவர். சில நிமிடங்களில் கருவி விடை சொல்லிவிடும். ஊசி இல்லை, மருந்து இல்லை, வலியும் இல்லை.

ஆயினும் பிறந்த ஓரிரு நாள்களில் குழந்தையின் காதுத் துளையில் கருப்பை நீரும், உடலைப் போர்த்தியிருக்கும் வெண்ணிறப் பசையும் தங்கியிருப்பதுண்டு. குழந்தை அழுதாலும், அறையில் இரைச்சல் இருந்தாலும் எதிரொலி கருவிக்கு எட்டாது. ஆதலால் முதல் முறை ‘ரெஃபர்’ என்று குறிக்கப்படும் குழந்தைகளுள் பெரும்பாலோர் மறுசோதனையில் நல்ல செவியுடையோராகவே காணப்படுகின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. இதே செய்திதான் ஆபத்தாகவும் முடிகிறது. “தண்ணீர் தங்கியிருக்கும், அம்மா, பயப்பட வேண்டாம், அடுத்த மாதம் வந்து பாருங்கள்” என்று செவிலியர் சொல்லும் மூன்று செய்திகளுள் முதல் இரண்டும் தாயின் நெஞ்சில் பதிகின்றன, மூன்றாவது காற்றோடு போய்விடுகிறது. ஆயிரம் குழந்தைகளுக்கு ஒருவர் முதல் மூவர் வரை நிலையான செவிக் குறைவோடு பிறக்கின்றனர் என்பது உலக அளவில் மருத்துவர் கூறும் கணக்கு. மறுசோதனைக்கு வராத குழந்தைகளுக்குள்தான் அந்த ஒருவரும் மறைந்திருக்கிறார்.

பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு எதிரொலிச் சோதனை மட்டும் போதாது. அவர்களுள் சிலருக்கு உட்செவி ஒழுங்காக எதிரொலிக்கும். ஆனால் அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு ஒலியைச் சரியாகக் கொண்டு சேர்க்காது. அதனை அறிய ‘பெரா’ என்னும் மற்றொரு சோதனை தேவை. தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் எழுப்பும் ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் எவ்வாறு விடை தருகின்றன என்று வரைபடமாகப் பார்ப்பர். எதிரொலிச் சோதனையில் இருமுறை ‘ரெஃபர்’ ஆன குழந்தைக்கும் குறையின் அளவை உறுதி செய்வது இச்சோதனையே.

ஏன் இத்தனை அவசரம்?

“கைக்குழந்தைதானே! பேசும் வயது வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்பவர் பலர். படித்தவர்களும் இவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கேதான் நம் எண்ணம் திருத்தம் பெற வேண்டும்.

குழந்தை கேட்கத் தொடங்குவது பிறந்த பின்பு அன்று. கருவுற்ற ஆறாம் மாதத்தை ஒட்டியே அதன் செவி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் அயலாள் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பித் தேடுகின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1980ஆம் ஆண்டில் மெய்ப்பித்துக் காட்டினர். உட்செவியோ பிறக்கும்போதே முழு வளர்ச்சி பெற்றிருக்கிறது. வளர்ந்த மனிதனின் உட்செவிக்கும் அதற்கும் அளவில் வேறுபாடில்லை. பிறந்த பின்பு வளர வேண்டியது மூளையில் ஒலிக்கென அமைந்த பாதையாகும். அப்பாதை கேட்டுக் கேட்டே அமைகிறது. ஒலி வராவிடின் அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தை மூளை வேறு பணிக்கு எடுத்துக்கொள்கிறது. தரிசாகக் கிடக்கும் நிலத்தை அண்டை வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டு வளைத்துக்கொள்வதைப் போன்றது அது. செவிக்குள் மின்முனை பொருத்தப்பெற்ற குழந்தைகளை ஆராய்ந்த அனு சர்மாவும் அவர்தம் குழுவினரும், மூன்றரை வயதுக்கு முன்பே ஒலியைப் பெற்றவர்களின் மூளைப் பாதை இயல்பான குழந்தைகளுடையதைப் போன்றே முதிர்வதையும், ஏழு வயதுக்குப்பின் பெற்றவர்களுக்கு அவ்வாறு நிகழாமையையும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதற்கு முன்பே 1998ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வு உலகெங்கும் புகழ்பெற்றது. செவிக் குறை உடைய 150 குழந்தைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவர்களுள் 72 பேருக்கு ஆறு மாதத்திற்குள் குறை கண்டுபிடிக்கப்பட்டது. 78 பேருக்கு அதன் பின்பே தெரிந்தது. முன்னவர் மொழித்திறனில் பின்னவரைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தனர். குறை சிறிதாயினும் பெரிதாயினும், குடும்பம் செல்வமுடையதாயினும் வறியதாயினும், குழந்தை வாயால் பேசியதாயினும் சைகையால் பேசியதாயினும் இந்த வேறுபாடு இருக்கவே செய்தது. ஆறாம் மாதம் என்னும் எல்லைக்கோடு அதிகாரிகள் மனம்போனபடி போட்ட கோடு அன்று என்பது இதனால் விளங்கும்.

ஆகவே மருத்துவ உலகில் ‘ஒன்று, மூன்று, ஆறு’ என்னும் கணக்கு ஏற்பட்டது. ஒரு மாதத்திற்குள் முதற்கட்டச் சோதனை. மூன்று மாதத்திற்குள் உறுதி செய்யும் சோதனை. ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும். இயன்றவர்கள் இதனை ஒன்று, இரண்டு, மூன்று என்று இன்னும் சுருக்கிக்கொள்ள வேண்டும் என 2019இல் அமெரிக்க வல்லுநர் குழுவொன்று வலியுறுத்தியது. நம் தாய்மார்களுக்கு இக்கணக்கை வேறு வகையில் சொல்வதே எளிது என்பது என் எண்ணம். தடுப்பூசி நாள்களை மறக்கும் தாய் நம்மிடையே அரியவர். நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குப் போகும்போது மறுசோதனை முடிந்திருக்க வேண்டும். மூன்றரை மாத ஊசிக்குப் போகும்போது பெரா சோதனையின் முடிவு கையில் இருக்க வேண்டும்.

சீட்டு எங்கே தொலைகிறது?

மறுசோதனைக்கு வராத பெற்றோரை அறியாமை உடையவர், அக்கறையற்றவர் என்று முத்திரை குத்திவிடுவது எளிது, அது நியாயமன்று. குடும்பங்களோடு பழகுவோர்க்கு வேறு காரணங்கள் தெரியும்.

அவற்றுள் முதன்மையானது நம் நாட்டு வழக்கமே. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மவரின் நெடுநாள் மரபு. பெண் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பிறந்தகம் வருகிறாள். அவ்வூர் மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்தவீடு திரும்புகிறாள். பல வேளைகளில் இரண்டும் வெவ்வேறு மாவட்டங்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்பட்ட தொலைபேசி எண் கணவனுடையது. அவனோ திருப்பூரிலோ கோவையிலோ வேலையில் இருக்கிறான். பகலில் எடுப்பதில்லை, மாலையில் அழைப்பாரில்லை. மறுசோதனைக்கு நாள் குறித்த ஊர் ஒன்று, குழந்தை வளரும் ஊர் மற்றொன்று. தாய்வீட்டார் ‘புகுந்தவீட்டில் பார்த்துக்கொள்வார்கள்’ என்கின்றனர். புகுந்தவீட்டார்க்கு அப்படியொரு சீட்டு இருப்பதே தெரியாது.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் இவ்வாறே நிகழ்ந்தது. அவர்கள் ஊரும் பேரும் இங்கு வேண்டா. கணவர் கொத்தனார். குழந்தைக்கு இரு செவியிலும் ‘ரெஃபர்’. மறுசோதனைக்குக் குறித்த வாரத்தில் பெண்ணின் தம்பிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பிறகு போகலாம் என்றனர். அதன்பின் புகுந்தவீடு வந்தாயிற்று. ஒன்றரை வயதாகியும் பையன் ‘அம்மா’ என்று அழைக்கவில்லை. “இவன் தாத்தா மூன்று வயதில்தான் வாய் திறந்தார், ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்” என்றார் பாட்டி. உள்ளுக்குள் ஐயுற்ற தாய், குழந்தையின் முதுகுப்புறம் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தான். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னாள். இரண்டே முக்கால் வயதில் அங்கன்வாடி ஊழியர் வற்புறுத்தி அனுப்பிய பிறகே உண்மை தெரிந்தது. இன்று அவனுக்கு எட்டு வயது, கருவியோடு கேட்கிறான், நெருங்கியவர்களுக்கு விளங்கும்படி பேசுகிறான். கணக்கில் கெட்டிக்காரன். தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லோடும் மல்லுக்கட்டுகிறான்.

அந்தத் தட்டுச் சோதனையைப் பற்றி ஒரு சொல். தட்டு விழும்போது ஒலி மட்டும் எழுவதில்லை, தரை அதிர்கிறது. கை தட்டினால் காற்று அசைகிறது, நிழல் அசைகிறது. கதவை அறைந்தால் தொட்டிலும் குலுங்குகிறது. செவிப்புலன் குன்றிய குழந்தைக்குக் கண்ணும் தோலும் மிகக் கூர்மையாக விழித்திருக்கும். மேலும், கதவை அறையும் பேரொலியைக் கேட்கும் குழந்தைக்குப் பேச்சின் மெல்லொலிகள் கேட்காமற் போகலாம். வீட்டுச் சோதனையை நம்பி மறுசோதனையைக் கைவிடுதல் கூடாது.

மழலை ஒலியும் பெற்றோரை ஏமாற்றிவிடும். முதல் சில மாதங்களில் காது கேளாத குழந்தையும் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், ‘ஊ’ ‘ஆ’ என்று குரல் எழுப்பும். ‘பபப’ ‘மமம’ என்று அசைகளை அடுக்கிப் பேசும் பருவம் ஆறாம் மாதத்திற்குப்பின் வரும்போதுதான் வேறுபாடு தலைகாட்டும். கேளாத குழந்தைக்கு அப்பருவம் பிந்துகிறது, அல்லது வராமலே போகிறது. கண்ணுக்குப் புலப்படும் ஊனமாக இருந்தால் குடும்பமே அலறிப் புடைத்துக்கொண்டு ஓடும். இதுவோ காய்ச்சலும் இல்லாமல் வலியும் இல்லாமல் கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தையிடம் ஒளிந்திருக்கிறது.

தூங்காத குழந்தை

கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு மறுசோதனை என்றால் ஒரு நாள் வருமானம் போகும், இருவருக்குப் பேருந்துச் செலவு ஆகும், வெளியே சாப்பாடு வேண்டும். இவ்வளவு செலவழித்துப் போய், “குழந்தை தூங்கவில்லை, சோதனை எடுக்க முடியாது, வேறொரு நாள் வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்பட்டால் எத்தனை பேர் மீண்டும் வருவர்? பெரா சோதனை எடுக்கும்போது குழந்தை அசையாமல் உறங்க வேண்டும். இயந்திரத்தின் தேவை அது. ஆனால் தாய்க்கு அதனை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி இடர் நீங்கும்.

சோதனை நாளன்று காலையில் குழந்தையை வழக்கத்தைவிட முன்னதாக எழுப்பிவிட வேண்டும். எண்ணெய் தேய்க்காமல் குளிப்பாட்ட வேண்டும். நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் எண்ணெயோ பவுடரோ மையோ இருந்தால் மின்முனைகள் ஒட்டமாட்டா. பேருந்தில் தாலாட்டினாற்போல் தூங்கிவிடும். அங்கேதான் விழிப்பாக இருந்து விளையாட்டுக் காட்டிக்கொண்டே வரவேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும் என்பது இதற்காகத்தான். சோதனை அறைக்குள் அழைக்கும் தறுவாயில் பால் கொடுத்தால் பசியும் களைப்பும் சேர்ந்து குழந்தை உறங்கிவிடும். மூன்று மாதத்திற்குள் போனால் இது மிக எளிது. ஒரு வயதுக் குழந்தையாயின் உறக்க மருந்து கொடுக்க வேண்டி வரும்; அதனை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்கலாம். காலந்தாழ்த்தாமல் போவதன் சிறு நன்மைகளுள் இதுவும் ஒன்று.

எங்கே போவது என்று கேட்பார்க்கு: 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. டி.இ.ஐ.சி. என்றால் மருத்துவமனைகளில் எளிதில் வழி காட்டுவர். பிறவிச் செவிக் குறைவு அத்திட்டத்தில் குறிக்கப்பட்ட நோய்களுள் ஒன்று. குழந்தை பிறந்த மாவட்டத்தில்தான் போக வேண்டும் என்பதில்லை. வளரும் மாவட்டத்திலேயே போகலாம். முதற் சீட்டு தொலைந்து போயிருந்தாலும் கவலை வேண்டா. ‘முதல் சோதனையில் ரெஃபர்’ என்று வாயால் சொன்னாலே போதும். சோதனையே செய்யப்படாத சிற்றூர் மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் அங்கு கொண்டு போகலாம். ஊரிலுள்ள கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்.

கருவி கைக்கு வந்த பின்

குறை உறுதியானதும் பெற்றோர் மனம் உடைந்து போவது இயல்பு. அவர்களுக்கு முதலில் வேண்டியது அருகில் அமர்ந்து கேட்கும் ஒருவரே. அறிவுரை பிறகு வரட்டும். ஆயினும் அத்துயரம் மாதக்கணக்கில் நீண்டு, ‘இன்னொரு டாக்டரையும் பார்ப்போம்’, ‘அந்த ஊர் மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம்’, ‘வேண்டுதல் நிறைவேறும்வரை பொறுப்போம்’ என்று காலத்தைத் தின்றுவிடக் கூடாது. நேர்ச்சையும் செய்யட்டும், கருவியும் மாட்டட்டும், ஒன்றுக்கொன்று பகையில்லை.

காதொலிக் கருவியைச் சில வார வயதுக் குழந்தைக்கும் பொருத்தலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். நம் மக்கள் அதனைக் ‘காது மெஷின்’ என்பர். குழந்தையின் காது வளர வளர அதற்கேற்ப அச்சு எடுத்துச் செய்த மூட்டை முதல் ஆண்டில் அடிக்கடி மாற்ற வேண்டும்; மூட்டு தளர்ந்தால் கருவி கூச்சலிடும், அந்தக் கூச்சலுக்காகவே பலர் அதனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். பேட்டரியைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாதபடி காக்க வேண்டும். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கருவியைக் குழந்தை பிடுங்கி எறியும். மீண்டும் மாட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருந்தால்தான் பயன். விருந்தினர் வந்தால் கழற்றிவிடும் பழக்கத்தைச் சில இல்லங்களில் காண்கிறோம். பெண் குழந்தையாயின், ‘நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்’ என்று தொட்டிலிலேயே கவலைப்படத் தொடங்கிவிடுகின்றனர். கண்ணாடி அணிந்த குழந்தையைக் கண்டு நாம் இப்போது கூசுவதில்லை. செவிக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

குறை மிகப் பெரிதாயிருந்து காதொலிக் கருவியால் பயன் காணாதபோது, உட்செவிக்குள் மின்முனையைப் பொருத்தும் காக்ளியர் அறுவை உண்டு. பல இலட்சம் ரூபாய் ஆகும் இச்சிகிச்சை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்குச் செய்யப்பட்டு வருகிறது. நடுவண் அரசின் ‘அடிப்’ திட்டமும் உதவுகிறது. ஆறு வயது வரை இடம் உண்டு என்பதை ஐந்தரை வயது வரை காத்திருக்கலாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. மேலே சொன்ன மூன்றரை வயதை நினைவிற்கொள்க. அறுவை முடிந்த மறுநாளே குழந்தை பேசிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்களும் உளர். அறுவை ஒலிக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. அதன்பின் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கேட்கவும் பேசவும் பழக்க வேண்டும். அப்பயிற்சியில் முதல் ஆசிரியை தாயே. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, பருப்பு களையும்போது, என்ன செய்கிறோம் என்று குழந்தையின் முகம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருத்தல்தான் அப்பயிற்சியின் உயிர். சென்னையில் 1969ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் பால வித்யாலயா, கைக்குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு தாயையும் உடன் அமர்த்திப் பயிற்றும் பள்ளி. அங்குப் பயின்ற குழந்தைகள் பலர் பொதுப்பள்ளிகளில் சேர்ந்து படித்துள்ளனர். மைசூரில் 1960களில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனமும் பெற்றோர்க்கு வழிகாட்டுகிறது.

எல்லாக் குழந்தைகளும் வாயால் பேசுவர் என்று வாக்குறுதி தர இயலாது. சிலர்க்குச் சைகைமொழியே தாய்மொழியாகும். அதுவும் இலக்கணம் உடைய முழுமையான மொழியே. இந்தியச் சைகைமொழிக்கெனப் புதுதில்லியில் 2015ஆம் ஆண்டில் ஆய்வு, பயிற்சி மையமும் ஏற்பட்டிருக்கிறது. காது கேளாதோர்க்கான கல்வியில் நம் நாட்டுத் திருச்சபைகளுக்கு நீண்ட பங்குண்டு. 1880களில் பம்பாயில் அத்தகைய பள்ளியைத் தோற்றுவித்தவர் இயேசு சபையைச் சார்ந்த ஆயர் லியோ மெரின். பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பணியைத் தொடங்கியவர் ஆங்கிலிக்கன் மறைப்பணியாளரான புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார். அக்காலத்தில் ஏழெட்டு வயதில்தான் குழந்தைகள் பள்ளிக்கு வந்து முதன்முதலாக ஒரு மொழியைக் கற்றனர். இன்று அந்த ஏழெட்டு ஆண்டுகளைக் குழந்தை இழக்க வேண்டியதில்லை. வாய்ப்பேச்சாயினும் சைகையாயினும், முதல் ஆண்டிலேயே ஏதேனும் ஒரு மொழி அக்குழந்தையைச் சூழ்ந்திருக்க வேண்டும்.

யார் மீது குற்றம்?

“உன் வயிற்றில் பிறந்ததுதானே” என்று மருமகளைக் குத்துவது நம் இல்லங்களில் இன்னும் ஓயவில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே சீட்டை மறைத்து வைக்கும் பெண்களும் உண்டு. ஆகவே காரணங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பிறவிச் செவிக் குறைவின் பரம்பரைக் காரணங்களுள் பெரும்பாலானவை, தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒவ்வொன்றாக வந்த பழுதுற்ற மரபணுக்கள் இரண்டு ஒன்றுசேர்வதால் விளைபவை. இருவருமே நன்றாகக் கேட்பவர்கள். இருவரிடமும் அது ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு குழந்தைக்குக் குறை வர வாய்ப்புண்டு. தாயைப் பழித்தால் தந்தையையும் அதே அளவு பழிக்க வேண்டும்! உறவுக்குள் மணம் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்னும் உறவில் மணம்புரிவது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1091ஆம் விதிப்படி தடைக்கு உட்பட்டது. அதற்கு விலக்குக் கோரி வருவோரிடம், சொத்து பிரியக் கூடாது என்னும் காரணத்தோடு இதனையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள் என்று சொல்வது வழக்கம். மணம் முடிந்து குழந்தையும் பிறந்தபின் அதனைச் சொல்லிக் காட்டுவதால் எவர்க்கும் நன்மையில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது அடுத்த குழந்தையைத் தவறாமல் சோதிக்க வேண்டும் என்பதே.

கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லாக் காய்ச்சல், குறைமாதப் பிறப்பு, இரத்தத்தை மாற்றும் அளவுக்கு முற்றிய மஞ்சட்காமாலை, சில வகை ஊசி மருந்துகள் முதலியனவும் செவியைக் கெடுக்கும். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசி 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பெருமளவில் தொடங்கப்பட்டபோது வீண் வதந்திகளை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்ட பெற்றோர் உண்டு. அந்த ஊசி, நாளை தாயாகப் போகும் சிறுமியின் குழந்தையுடைய செவியைக் காக்கிறது.

இருசெவியும் ‘பாஸ்’ என்று எழுதிய சீட்டு வாழ்நாள் முழுமைக்கும் பத்திரம் அன்று. சில குறைகள் ஓரிரு ஆண்டு கழித்தே தலையெடுக்கும். குறிப்பாக மூளைக்காய்ச்சல் வந்து தேறிய குழந்தையின் செவியை உடனே சோதிக்க வேண்டும். உட்செவி எலும்பாக இறுகிவிட்டால் மின்முனை பொருத்துவதற்கும் இடமிராது. ஒன்பது மாதமாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையை, முன்னர் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும், மீண்டும் கொண்டு போகவேண்டும்.

பங்கில் நாம் செய்யக் கூடியது

குழந்தை பிறந்து ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்திற்குள் பெற்றோர் தாமாகவே நாடி வரும் இடம் ஒன்றுண்டு. அது பங்கு அலுவலகம். திருமுழுக்குக்கு நாள் கேட்டு வருகின்றனர், ஞானப்பெற்றோரின் பெயர் சொல்கின்றனர், சான்றிதழ்கள் காட்டுகின்றனர். மறுசோதனைக்குரிய அதே வாரங்கள் அவை! தாய்வீட்டுப் பங்கிலிருந்தும் புகுந்தவீட்டுப் பங்கிலிருந்தும் உறவினர் ஒன்றுகூடும் தருணமும் அதுவே. திருமுழுக்குச் சடங்கில் ‘எப்பத்தா’ என்று குழந்தையின் காதையும் வாயையும் தொடும் குரு, அதற்கு முந்தின வாரம் அலுவலகத்தில் அக்காதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது எவ்வகையிலும் பொருத்தமற்றதாகாது.

பிற பங்குகளிலும் இதனைச் செய்ய விரும்புவோர்க்காகச் சில குறிப்புகள். கேள்வியைத் தாயிடம் தனியே கேட்பது நலம்; கூட்டத்தில் கேட்டால் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்ற விடையே வரும். ‘ரெஃபர்’ என்று தெரிந்தால் சோதனைக்குரிய நாளை அங்கேயே குறித்து, தாயின் எண், தாய்வீட்டு எண், புகுந்தவீட்டு எண் மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். அன்பியப் பொறுப்பாளர்களுள் பிள்ளை பெற்று வளர்த்த பெண்மணி ஒருவர் அந்நாளில் துணையாகப் போனால், பேருந்தில் குழந்தையைத் தூங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு கை கிடைக்கும்; அறையில் மருத்துவர் சொல்வதைக் கேட்டு நினைவில் வைக்க இன்னொரு செவியும் கிடைக்கும். வின்சென்ட் தே பவுல் சபையார் இவ்வகைப் பயணச் செலவையும், பின்னர் பேட்டரி, காது மூட்டு ஆகியவற்றின் செலவையும் தம் உதவிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பெருந்தொகை தேவைப்படும் அறுவைக்கு அரசு இருக்கிறது, இச்சிறு செலவுகளுக்குத்தான் குடும்பம் தடுமாறுகிறது. வேற்று மதத்துக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விண்ணப்பத்தாளில் சேர்க்க வேண்டியவை மூன்றே வரிகள்: செவிச் சோதனை செய்யப்பட்டதா, முடிவு என்ன, மறுசோதனை எந்த நாள், எந்த ஊரில். புதிதாக அச்சடிக்க வேண்டுமென்பதுகூட இல்லை; பெரும்பாலான பங்குகளில் அத்தாளின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.